பிளாஸ்டிக்கில் மின்னும் வெளிச்சம்: எக்ஸெல்லில் ஒரு நியூட்ரான் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்ஸெல் புரோகிராமைத் திறந்து, மாதச் செலவுக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, பின்னர் அதன் பக்கமே போவதில்லை. "வேறு என்னதான் செய்வது?" என்று என்னிடமே சிலர் கேட்டிருக்கிறார்கள். இந்த முறை அதே ஒர்க் ஷீட்டில், ஆய்வுக்கூடங்களில் உண்மையாகவே போடப்படும் ஓர் அணுக்கரு இயற்பியல் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பயப்பட வேண்டாம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். எக்ஸெல் இல்லாதவர்கள், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

கேள்வி இதுதான். சில வகை பிளாஸ்டிக்கில் ஓர் அணுத்துகள் பாய்ந்தால் சிறு வெளிச்சம் தோன்றும். அந்த வெளிச்சத்தை அளந்து, உள்ளே இறங்கிய ஆற்றல் எவ்வளவு என்று சொல்ல முடியுமா? சொல்லலாம். ஆனால் அந்த ஆற்றலைச் சுமந்தது எலக்ட்ரானா, அணுக்கருவா என்று தெரியாமல் சொன்னால், விடை பத்து மடங்கு கூடத் தவறிப் போகும்.

சிண்டிலேட்டர் என்றால் என்ன?

கடைகளில் கள்ள நோட்டைக் கண்டுபிடிக்க ஓர் ஊதா விளக்கு வைத்திருப்பார்கள். அதன் அடியில் நோட்டைக் காட்டினால் சில இழைகள் பளிச்சென்று ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகின்றன அந்த இழைகள். பழைய டப்பா மானிட்டர்களிலும் இப்படித்தான். பின்னாலிருந்து வரும் எலக்ட்ரான்கள் திரையில் பூசிய பொருளில் மோத, அது ஒளிர்ந்தது. இப்படித் துகள் மோதியதும் ஒளிரும் பொருளுக்கு சிண்டிலேட்டர் என்று பெயர்.

1947ல் ஜெர்மனியின் ஹார்ட்மட் கால்மன் இதற்கு எடுத்துக்கொண்ட பொருள் நாப்தலின். ஆம், நாம் துணி அலமாரியில் போடும் அந்துருண்டைதான்! அதில் தோன்றும் மங்கலான மின்னலை, போட்டோமல்டிபிளையர் என்னும் ஒளி உணரும் குழாய் கொண்டு அவர் எண்ணினார். 1950ல் பிளாஸ்டிக் வந்தது. டீ கப், பேனா மூடி செய்யும் பாலிஸ்டைரீன் போன்ற பிளாஸ்டிக்கில் ஒளிரும் வேதிப்பொருள் ஒன்றை ஓரிரு சதவீதம் கலந்தால் போதும், சிண்டிலேட்டர் தயார். பார்ப்பதற்குக் கண்ணாடி போன்ற ஒரு பலகை. ஓரங்களில் மட்டும் இலேசாக நீலம் தெரியும். வேண்டிய வடிவில் அறுக்கலாம், தேய்த்துப் பளபளப்பாக்கலாம், விலையும் படிகங்களை விடக் குறைவு.

ஓர் எலக்ட்ரான் இதில் ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை (இனி மெகா என்று மட்டும் சொல்கிறேன், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கிலோ) முழுவதுமாக இறக்கினால், நல்ல பிளாஸ்டிக்கில் சுமார் 10,000 ஒளித்துகள்கள், அதாவது போட்டான்கள், கிடைக்கும். ஒவ்வொரு மின்னலும் அணைந்து மறைய நொடியில் நூறு கோடியில் இரண்டு பங்கு நேரமே ஆகும். ஒரு கிகா ஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் புராசசருக்கு அது இரண்டே துடிப்பு.

நியூட்ரான் வந்தால்?

காமா கதிர் பிளாஸ்டிக்கில் நுழைந்தால் எலக்ட்ரானைத் தட்டிவிடும். நியூட்ரானுக்கு மின்சுமை இல்லாததால் எலக்ட்ரான்களை அது கண்டுகொள்வதே இல்லை. நேராகப் போய் ஏதாவது ஓர் அணுக்கருவில் மோதும். அடிபட்ட அணுக்கரு நகரும். அந்த அணுக்கரு நகரும்போது ஏற்படுத்தும் வெளிச்சத்தைத்தான் நாம் பார்க்கிறோம்.

இதைப் புரிந்துகொள்ள கேரம் போர்டு போதும். ஒரு காய் அதே எடையுள்ள இன்னொரு காயில் நேராக மோதினால், மோதியது நின்றுவிடும்; அடிபட்டது முழு வேகத்துடன் ஓடும். பிளாஸ்டிக்கில் உள்ள ஹைட்ரஜனின் கரு ஒரே ஒரு புரோட்டான். அதன் எடை கிட்டத்தட்ட நியூட்ரானின் எடைதான். எனவே நேர் மோதலில் நியூட்ரான் தன் ஆற்றல் முழுவதையும் கொடுத்துவிட முடியும். பக்கவாட்டில் உரசினால் கொஞ்சம் கொடுக்கும். கார்பன் கருவோ 12 மடங்கு எடை. அதில் எவ்வளவு நேராக மோதினாலும் 28 சதவீதத்துக்கு மேல் கைமாறாது.

உங்கள் கம்ப்யூட்டரின் மெமரி சிப்பிலும் இதே மோதல் நடக்கிறது. வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்கும் நியூட்ரான், சிப்பில் உள்ள சிலிக்கான் கருவைத் தாக்கினால், அங்கு சிதறும் மின்சுமையால் ஒரு பிட் 0விலிருந்து 1 ஆகவோ, 1லிருந்து 0 ஆகவோ மாறலாம். 2003ல் பெல்ஜியம் நாட்டின் ஸ்கார்பீக் நகரில் மின்னணு வாக்குப் பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் அதிகமாக வந்தன. 4096 என்பது 2ஐ 12 முறை பெருக்கினால் வரும் எண். அதாவது ஒரே ஒரு பிட் புரண்டிருக்கிறது. காஸ்மிக் கதிர் காரணமாக இருக்கலாம் என்பது சந்தேகம், நிரூபிக்கப்படவில்லை. சிப்பில் நடந்தால் பிட் புரளும். பிளாஸ்டிக்கில் நடந்தால் வெளிச்சம் வரும்.

வெளிச்சம் ஏன் குறைகிறது?

இனிதான் விஷயமே இருக்கிறது. ஒரு மெகா ஆற்றலுள்ள எலக்ட்ரான் பிளாஸ்டிக்கில் சுமார் நான்கு மில்லிமீட்டர் ஓடி நிற்கிறது. அதே ஆற்றலுள்ள புரோட்டான் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு தூரம் கூடத் தாண்டுவதில்லை. தலைமுடியின் தடிமனை விடக் குறைவு. இரண்டும் இறக்கிய ஆற்றல் ஒன்றுதான். ஆனால் ஒன்று அதைப் பரப்பிவிட்டது. மற்றது ஒரே இடத்தில் கொட்டிவிட்டது.

ஒரு குடம் தண்ணீரைப் பாத்தி முழுக்கத் தெளித்தால் எல்லாச் செடிக்கும் போய்ச் சேரும். அதே குடத்தை ஒரே செடியின் மூட்டில் கவிழ்த்தால் பெரும்பகுதி வழிந்து வீணாகும். பிளாஸ்டிக்கிலும் அப்படித்தான். ஒளிரத் தயாராக இருக்கும் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால், பக்கத்தில் சேதமடைந்த மூலக்கூறுகள் அந்த ஆற்றலைப் பிடுங்கி வெப்பமாக்கிவிடும். வெளிச்சம் வராது. இதை குவென்ச்சிங் என்பார்கள். நாம் ஒளித் தணிப்பு என்று சொல்லலாம்.

இங்கிலாந்தின் ஜே.பி. பர்க்ஸ் 1951ல் இதற்கு ஒரு சிறிய பார்முலா கொடுத்தார். துகள் போகும் வழியில் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை மெகா இறக்குகிறது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு சிறு எண்ணால் பெருக்கி, 1ஐக் கூட்டி, வரும் விடையால் 1ஐ வகுக்க வேண்டும். அந்த இடத்தில் வெளிச்சமாக மாறத் தப்பிப் பிழைத்த பங்கு கிடைத்துவிடும். அந்தச் சிறு எண் பிளாஸ்டிக்குக்கு பிளாஸ்டிக் மாறும். அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். நம் கணக்குக்கு 0.014 என்று வைத்துக்கொள்வோம். (உண்மையில் பார்முலா சென்டிமீட்டரில் அல்ல, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற அளவில் வரும். பிளாஸ்டிக்கின் அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணீர் போன்றதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.)

இப்போது எக்ஸெல்லைத் திறந்து, முதல் நெட்டு வரிசையில் ஏ2 முதல் ஏ5 வரை உள்ள செல்களில் 2, 250, 500, 800 என்று டைப் செய்யவும். பி2 செல்லில் =1/(1+0.014*ஏ2) என்று கொடுத்து எண்டர் தட்டவும். (செல் பெயர்களையும் பங்சன் பெயர்களையும் ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும்.) பின் அந்தச் செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து பி5 வரை இழுத்து விடவும்.

கிடைக்கும் விடைகள்: 0.97, 0.22, 0.125, 0.08. முதல் எண் எலக்ட்ரானுடையது. அது சென்டிமீட்டருக்குச் சுமார் 2 மெகா என்ற கணக்கில் இறக்குவதால் வெளிச்சத்தில் ஏறக்குறைய எதுவும் குறையவில்லை. இரண்டாவது, ஒரு மெகா புரோட்டான் புறப்படும் இடம். அங்கேயே ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. புரோட்டான் வேகம் குறையக் குறைய இறக்கும் விகிதம் கூடிக்கொண்டே போய், தொடக்கத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டும். அதனால்தான் 500, 800 என்ற எண்களையும் போட்டோம். அதாவது குறைந்த ஆற்றலுள்ள புரோட்டான், பாதையின் தொடக்கத்திலேயே மோசமான பகுதிக்குள் நுழைந்துவிடுகிறது. அடிபட்ட கார்பன் கருவின் கதை இதைவிடப் பரிதாபம். அதிலிருந்து வரும் வெளிச்சத்தைப் பெரும்பாலும் கணக்கிலேயே சேர்க்க முடியாது.

இரண்டு வகை கிலோ

இதனால் ஆய்வாளர்கள் ஆற்றலை இரண்டு அளவில் எழுதுகிறார்கள். ஒன்று, அணுக்கருவுக்கு உண்மையில் கிடைத்த ஆற்றல். மற்றொன்று, அதே வெளிச்சத்தைத் தர ஓர் எலக்ட்ரானுக்கு எவ்வளவு ஆற்றல் தேவைப்பட்டிருக்குமோ அது. எலக்ட்ரான் சமானம் என்று இதைச் சொல்லலாம். கருவியை அளவிட காமா கதிர்தான் வசதி. சீசியம் 137 என்ற மூலப்பொருளைப் பக்கத்தில் வைத்தால், எலக்ட்ரான்களுக்கு அதிகபட்சம் 477 கிலோ கிடைக்கும் என்பது தெரிந்த விஷயம். அந்த வெளிச்சத்தை 477 என்று குறித்துவிட்டால் ஸ்கேல் தயார். ஆனால் அது எலக்ட்ரானின் ஸ்கேல். அதில் நியூட்ரானை அளப்பது, கஜக்கோலை எடுத்து மீட்டர் கணக்குச் சொல்வது போல.

என் தொழிலில் அலகைக் குழப்புவது எத்தனை பெரிய விபத்து என்பதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. 1999ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்தது. ஒரு சாப்ட்வேர் பவுண்டு கணக்கில் எண்ணைக் கொடுத்தது; அதை வாங்கியது நியூட்டன் கணக்கில் எடுத்துக்கொண்டது. அங்கே வித்தியாசம் நாலரை மடங்குதான். இங்கே பத்து மடங்கு.

இதில் தவறினால் என்ன ஆகும்?

பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இருக்கிறது என்பது வானியலாளர்களின் கணிப்பு. அதன் துகள் ஒன்று என்றாவது ஓர் அணுக்கருவில் மோதாதா என்று பூமிக்கடியில் காத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பூல்பி என்ற இடத்தில், 1100 மீட்டர் ஆழச் சுரங்கத்தில் செப்ளின் 3 என்ற கருவி இப்படி வைக்கப்பட்டிருந்தது. நடுவில் திரவ செனான். தொல்லை என்னவென்றால், சாதாரண நியூட்ரான் வந்து செனான் கருவில் மோதினாலும் கரும்பொருள் மோதியது போலவே தெரியும். இரண்டையும் பிரித்துச் சொல்ல வழி இல்லை.

எனவே கருவியைச் சுற்றி 52 பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் பலகைகளைக் காவலுக்கு நிறுத்தினார்கள். செனானில் மின்னிய அதே வேளையில் காவல் பலகையும் மின்னினால், வந்தது நியூட்ரான் அல்லது காமா. அந்த நிகழ்ச்சியைத் தள்ளிவிடலாம். கரும்பொருள் துகள் இரண்டு இடத்தில் மோதும் அளவுக்குத் தாராளம் இல்லாதது. ஆகக் காவல்காரர் எத்தனை மங்கலான வெளிச்சத்தைப் பார்ப்பார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் கண்ணில் படாமல் ஒரு நியூட்ரான் உள்ளே போனால், நாளைக்கு அது "கரும்பொருள் கண்டுபிடிப்பு" என்று தலைப்புச் செய்தியாகிவிடலாம்.

அதை நம் ஷீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு மெகா, அதாவது 1000 கிலோ ஆற்றலுள்ள நியூட்ரான்கள் 1000 வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு புரோட்டானில் ஒரு முறை மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். எப்படி மோதும் என்பது அதிர்ஷ்டம். இந்த ஆற்றலில் புரோட்டானுக்குக் கிடைப்பது 0 முதல் 1000 வரை எந்த எண்ணாகவும் ஒரே வாய்ப்புடன் இருக்கலாம். எக்ஸெல்லில் இதற்கென்றே பிறந்தது போல ராண்ட் என்ற பங்சன் இருக்கிறது. டி2 செல்லில் =ராண்ட்()*1000 என்று கொடுத்து டி1001 வரை இழுக்கவும். இ2 செல்லில் =டி2*0.1 என்று கொடுத்து அதையும் கீழே இழுக்கவும். வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகிறது என்று எளிமைக்காக வைத்திருக்கிறேன். உண்மையில் இந்தப் பங்கு ஆற்றலுக்கு ஏற்ப மாறும்.

காவல்காரரால் 50 கிலோவுக்கு மேற்பட்ட வெளிச்சத்தைத்தான் பார்க்க முடியும் என்று கொள்வோம். ஜி2 செல்லில் =கவுண்ட்இஃப்(டி2:டி1001,">50") என்றும், ஜி3 செல்லில் இதையே டிக்குப் பதில் இ போட்டும் கொடுக்கவும். ஜி2வில் சுமார் 950 வரும். ஒளித் தணிப்பை மறந்தவர் போடும் கணக்கு இது: ஆயிரத்தில் ஐம்பதுதான் தப்பும் என்பார். ஜி3யில் சுமார் 500 வரும். பாதி நியூட்ரான்கள் காவலைத் தாண்டிவிட்டன!

நிஜத்தில் நிலைமை இவ்வளவு மோசம் இல்லை. கனமான பலகையில் நியூட்ரான் பல முறை மோதும், வெளிச்சங்கள் சேரும். தவிர, செப்ளின் குழுவினர் கடோலினியம் என்ற உலோகம் கலந்த பிளாஸ்டிக்கையும் உள்ளே வைத்திருந்தார்கள். களைத்துப் போன நியூட்ரானை அது விழுங்கி, மொத்தம் 8 மெகா அளவுக்குக் காமா கதிர்களை வெளியிடும். காமா தட்டுவது எலக்ட்ரானை. எனவே தணிப்புத் தொல்லை இல்லாத வெளிச்சம் கிடைக்கும். எனக்கு இந்த யோசனை மிகவும் பிடித்திருக்கிறது. அளக்கக் கடினமான சிக்னலோடு மல்லுக்கு நிற்காமல், சுலபமான சிக்னலாக அதை மாற்றிவிட்டார்கள்.

அளந்தபோது தெரிந்தது

நியூட்ரான் பிடிக்க இத்தனை காலம் பயன்படுத்திய பொருளாயிற்றே, குறைந்த ஆற்றலில் எவ்வளவு தணிகிறது என்பதெல்லாம் எப்போதோ அளந்து முடித்திருப்பார்கள் என்று நினைப்போம். இல்லை. அத்தகைய அளவுகள் அரிதாகவே இருந்தன. செப்ளினின் காவல் பலகைகளில் பயன்பட்ட யு.பி.எஸ். 923ஏ என்ற பாலிஸ்டைரீன் வகையை எடுத்து, 125 முதல் 850 கிலோ வரை அளந்த முடிவுகள் 2012ல் பிசிகல் ரிவ்யூ சி இதழில் வெளியாயின.

செய்த முறை நமக்குப் பழகிய முறைதான்: நாம் ராண்ட் கொண்டு செய்ததன் பெரிய அண்ணன். நியூட்ரான் ஒவ்வொன்றும் எங்கே மோதும், வெளிச்சத்தில் எவ்வளவு பலகையின் முனைக்குப் போய்ச் சேரும், கருவி எவ்வளவு தடுமாறும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் மான்டி கார்லோ முறையில் நடத்திப் பார்த்தார்கள். தணிப்பின் அளவை மாற்றி மாற்றிக் கொடுத்து, கம்ப்யூட்டர் வரையும் படம் உண்மையில் பதிவான படத்தோடு எப்போது பொருந்துகிறது என்று தேடினார்கள். இத்தகைய வேலைக்கு ஜியான்ட்4 என்ற சி பிளஸ் பிளஸ் தொகுப்பு பரவலாகப் பயன்படுகிறது. இலவசம்தான், யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்யலாம். ஆனால் அதை ஓடவைக்க ஒரு வார லீவு தேவைப்படும்.

விடை சுவையானது. 300 கிலோவுக்கு மேல் பர்க்ஸின் பார்முலா ஓரளவு நன்றாகவே பொருந்தியது. நாம் பயன்படுத்திய 0.014 அங்கே கிடைத்த எண்தான், 0.002 கூடவோ குறையவோ இருக்கலாம். 300க்குக் கீழே பார்முலா சொன்னதை விட வெளிச்சம் வேகமாகச் சரிந்தது. அதாவது காவல்காரருக்கு எங்கே கண் மங்கலாகிறதோ, அங்கேதான் 1951ன் பார்முலாவும் அவரைக் கைவிடுகிறது. மேலே அளந்த கோட்டை ஸ்கேல் வைத்துக் கீழே நீட்டியவர்கள், தங்கள் கருவி பார்க்காததையும் பார்ப்பதாக நம்பியிருப்பார்கள்.

பிளாஸ்டிக்குக்கு மட்டும் உள்ள தலைவலி அல்ல இது. 2017ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், 14.6 கிலோகிராம் சீசியம் அயோடைடு படிகத்தில் நியூட்ரினோ முழு அணுக்கருவையும் சேர்த்துத் தள்ளுவதை முதன்முறையாகக் கண்டார்கள். அங்கும் கணக்கில் பெரிய சந்தேகத்தை உண்டாக்கிய எண் இதே தணிப்பின் அளவுதான்.

சரிவு எவ்வளவு முக்கியம் என்று பார்க்க ஷீட்டில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். காவல்காரருக்கு நல்ல கண்ணாடி வாங்கிக் கொடுத்தது போல, ஜி3யில் 50ஐ 20 ஆக்குங்கள். சுமார் 800 பேர் பிடிபடுவார்கள். இப்போது இ2 செல்லில் =இஃப்(டி2>300,டி2*0.1,டி2*0.06) என்று மாற்றி மீண்டும் கீழே இழுக்கவும். 0.06 நான் மாதிரிக்கு எடுத்துக்கொண்ட எண், அளந்தது அல்ல. 800 என்பது 700க்கு இறங்கிவிடும். எப்9 கீயை அழுத்தினால் புதிதாக ஆயிரம் நியூட்ரான்கள் வரும். எண் கொஞ்சம் மேலும் கீழும் ஆடும், ஆனால் 800க்குத் திரும்பாது. 0.06க்குப் பதில் 0.08, 0.05 என்று கொடுத்து, எந்த இடத்தில் எண் மாறத் தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள். பைலை ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்துகொள்ள மறக்க வேண்டாம்.